பதினோரு மேஜை, பதினோரு புரோகிராம்

— அந்த லாரியைத் திருப்பி அனுப்பிடுங்க டோரீன், சத்தியமா கெஞ்சிக் கேக்கறேன்.

— எதுக்கு வெண்டல்? மூணு மணிக்கு வந்து இந்தப் பெரிய கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போகும்னு கடுதாசி அனுப்பினதே நீங்கதானே? கேக் வெட்டிக் கொண்டாடினீங்களே. கீழ இருக்கற எனக்கு ஒரு துண்டு வரலை.

— அப்ப புத்தி இல்ல.

— இப்ப மேல ஆளுக்கொரு மெஷின் இருக்கே?

— வேகம்னா அப்படி வேகம்! முன்னெல்லாம் நார்பர்ட் ஏதாவது பெரிசா ஓட்டினா, மத்த பத்து பேரும் டோனட் தின்னுக்கிட்டு நிப்போம். இப்ப யாருக்காகவும் யாரும் நிக்கறதில்ல.

— அப்புறம் என்ன குறைச்சல்?

— நிக்காததுதான் குறைச்சல். படகுக் கம்பெனிக்கு டிக்கெட் புரோகிராம் வெள்ளிக்கிழமை குடுக்கணும். பதினோரு பேர்கிட்ட பதினோரு விதமா இருக்கு. நார்பர்ட்டுது கார்களுக்கு டிக்கெட் குடுக்குது, மனுசங்களுக்குக் குடுக்க மாட்டேங்குது. லோர்னாவோடதுல படகு தீவுக்குப் போகுது, திரும்ப வரமாட்டேங்குது.

— அடப்பாவமே! வயர் போட்டு எல்லாத்தையும் இணைச்சீங்களே?

— அதான் வினை. சேர்க்கறேன்னு போய் ஸ்டான் என் வேலையை அழிச்சான். நான் லோர்னா வேலையை அழிச்சேன். அவ என்கூடப் பேசறதில்ல.

— இங்க இருந்தது ஒரே பிரதி. ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தர் தொட முடியாது. அதுக்கு என்னை ஜெயில் வார்டன்னீங்க.

— எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன், போதுமா? வெள்ளிக்கிழமை குடுக்கலைன்னா என் சீட்டு கிழிஞ்சிரும். மேஜை மெஷின்ல எழுதறோம். சேர்த்து வைக்க மட்டும் இங்க இடம் குடுங்க.

— ஆங், அது எப்பவோ குடுத்தாச்சு. தினம் சாயங்காலம் உங்க வயர் வழியாவே பதினோரு பேர் வேலையையும் இங்க இழுத்து வச்சேன். ஒட்டுப்போட்டு ஒரே புரோகிராமா ஆக்கினதும் நான்தான்.

— நீங்களா? உங்களுக்குப் புரோகிராம் எழுதத் தெரியுமா?

— இருபது வருசமா எழுதறேன். யாரும் கேக்கலை.

— உங்களுக்குச் சிலையே வைக்கலாம்! நகருங்க, உடனே ஓட்டிப் பாத்துருவோம்.

— கையை எடுங்க வெண்டல். படகுக் கம்பெனிக்காரங்க உங்களுக்கு ஃபோன் அடிச்சுப் பாத்து, அலுத்துப் போய் எனக்கு அடிச்சாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து அவங்க டிக்கெட் விக்கறதே இந்த மெஷின்லதான்.