மூடிய கடைக்குப் போன கீல் பெட்டிகள்

என் பெயரும் அடையாள எண்ணும் முதல் தாளில் எழுதியுள்ளபடி. வயது நாற்பத்தெட்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், மூன்றாம் மாடியின் கடைசி வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். திருமணம் ஆகவில்லை. அண்ணன் ஒருவர் இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை. உள்ளூர்க் கம்பெனிகளின் சரக்கை வெளிநாடுகளில் விற்றுக்கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எனக்கு அயல்மொழி ஒன்று தெரியும் என்பதால், அந்த நாட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, சரக்கைப் பற்றிச் சொல்லி ஆர்டர் வாங்குவது என் வேலை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு கதவுக் கீல் செய்யும் தொழிற்சாலை ஒன்று எங்களிடம் வந்தது. அவர்களுக்காக அறுபத்திரண்டு கடைகளை அழைத்தேன். அறுபத்தொரு பேர் வேண்டாம் என்றார்கள், அல்லது பாதிப் பேச்சில் போனை வைத்தார்கள். ஒருவர் மட்டும் மாதிரி அனுப்பச் சொன்னார். புகாரில் உள்ள கடைக்காரர் அவர்தான். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவரை அழைத்து வந்தேன்.

நாங்கள் பேசியது அவருடைய மொழியில். இங்கே நம் பேச்சில் சொல்கிறேன். முதல் ஆண்டு அளவு, திருகாணி, துரு இவற்றைத் தவிர வேறு பேசவில்லை. அதன் பிறகு அவர் மனைவி இறந்துபோனார். அந்த மாதம் ஆர்டர் கேட்க வாய் வராமல் போனை வைத்துவிட்டேன். அவரே திரும்ப அழைத்து ஆர்டர் கொடுத்தார். அதன் பிறகு முழங்கால் வலி, மழை, வேறு ஊரில் இருக்கும் மகள் என்று எல்லாம் பேசுவார். ஒருமுறை, "உங்க கீலு சத்தமே போடறதில்லம்மா. வீட்டுக்குள்ள யார் வந்தாலும் தெரியாது. நல்லவேளை, யாரும் வர்றதில்ல" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மதியம் சாப்பிட்டேனா என்று தவறாமல் கேட்பார். சாப்பிட்டேன் என்றால் விடமாட்டார், என்ன சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்காகவே அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் சமைத்து எடுத்துப்போகத் தொடங்கினேன்.

சென்ற ஆண்டு, சரக்கை வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொன்னார். கடையில் இடமில்லை என்றார். போனில் முன்பெல்லாம் கேட்கும் ஆட்களின் குரலோ சாவி வெட்டும் இயந்திரத்தின் சத்தமோ கேட்கவில்லை. அடுத்த மாதம் நேராகவே கேட்டேன். "கடைய மூடி நாலு மாசம் ஆச்சும்மா. ஆர்டர் இல்லன்னா பேரை எடுத்துடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். அது உண்மை. மூன்று மாதம் ஆர்டர் தராதவரின் பெயர் எங்கள் அழைப்புப் பட்டியலில் இருக்காது. அதைப் பேச்சுவாக்கில் நான்தான் சொல்லியிருந்தேன்.

அன்றே மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு சின்னப் பெட்டி எடுத்தால் போதும் என்று நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்படி மூன்று ஆர்டர்கள் எழுதினேன்.

சென்ற மாதம் முதல் செவ்வாய்க்கிழமை அவர் போனை எடுக்கவில்லை. மாலைக்குள் ஒன்பது முறை அழைத்தேன். மறுநாள் அவர் மகள் எடுத்தார். படுக்கையறை வாசலில் அடுக்கியிருந்த கீல் பெட்டிகளில் கால் தடுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஒரு பகல் முழுவதும் அவர் தரையில் கிடந்திருக்கிறார். "கடையே இல்லாத மனுஷனுக்கு எதுக்கு இத்தன கீலு? ஞாபகமறதி வந்தவர ஏமாத்த வெக்கமா இல்லயா?" என்று மகள் கேட்டார். அதன் பிறகு மகள் புகார் கொடுத்தார், அலுவலகம் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. கடைக்காரர் இப்போது மகள் வீட்டில் இருப்பதாக அறிகிறேன். அந்த எண் என்னிடம் இல்லை.

ஆர்டர் இல்லாமல் என் சொந்தப் போனிலிருந்து பேசியிருக்கலாமே என்று புகாரை விசாரிக்கும் ஆய்வாளர் கேட்டார். இரண்டு முறை எண்ணை அழுத்தியிருக்கிறேன். அவர் எடுத்தால் யார் பேசுவதாகச் சொல்வது என்று தெரியாமல், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஆய்வாளர் எழுத்தரிடம் எழுதுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, "கடை மூடினது எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, இதோட முடிஞ்சிடும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுமாறு நான் கேட்டுக்கொண்டேன். கடை மூடியது எனக்குத் தெரியும். கடைக்காரருக்கு ஞாபகமறதி இல்லை. கடையை மூடியதை யாரிடமும் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்னார். தெரியாது என்று சொன்னால், அவர் அதை என்னிடம் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும்.

எழுத்தர் இதை இருமுறை வாசித்துக் காட்டினார். ஒரு வரியையும் மாற்றச் சொல்லவில்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றி, நடந்ததை நடந்தபடி சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)