இரண்டு புள்ளி நோட்டுகள்

கோட்டுக்குப் பதில் வரிசையாகப் புள்ளி போட்ட நோட்டு வாங்கும்போது அட்டையைப் பார்த்து மயங்கக் கூடாது, தாளைப் பார்க்க வேண்டும். மூன்று கடை ஏறி இறங்கித்தான் இதைத் தெரிந்துகொண்டேன். தாள் மெலிசாக இருந்தால் மை பின்பக்கம் தெரியும். விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாமல் தட்டையாகக் கிடக்க வேண்டும். புள்ளிகள் வெளிர் சாம்பலில் இருப்பது நல்லது. கறுப்பாக இருந்தால் எழுத்தோடு சண்டை போடும். நேரு வீதியில் ஒரு கடையில், நூல் தைத்து, பக்க எண் அச்சடித்ததாகக் கிடைத்தது. இரண்டு வாங்கினேன். நீலம் என் தங்கைக்கு, சாம்பல் எனக்கு. இந்த ஸ்டேஷனில் உங்கள் மேஜையில் இருப்பவை அவைதான், மேடம்.

நீங்கள் கேட்டது நோட்டைப் பற்றி அல்ல என்று தெரியும். அங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரும்.

என் பெயர் அமுதவல்லி. வயது நாற்பத்திரண்டு. ரெட்டியார்பாளையத்தில் ஒரு மருந்துக் கடையில் பதினாறு வருடமாக வேலை. பூவிழி என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவள். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போனபோது அவளுக்கு எட்டு வயது. எனக்கு இரண்டு வரன்கள் வந்தன. இரண்டு பேருமே, "தங்கச்சியும் கூட வருமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அவள் பிரெஞ்சு படித்தாள், பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தாள். போன அக்டோபரில் பிரான்சில், லியோன் நகரத்தில் ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. ஏப்ரலில் சேர வேண்டும்.

"ரெண்டு வருஷம்தான்க்கா. அப்புறம் நீயும் வந்துடு" என்றாள்.

அந்த 'அப்புறம்' எனக்குப் புரிந்தது.

நவம்பர் மழையில் அரியாங்குப்பம் பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் சறுக்கி அவளுக்குக் கால் உடைந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. தகடு வைத்தார்கள். பிப்ரவரிக்குள் நன்றாக நடந்துவிடுவாள் என்றார் டாக்டர். முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஜன்னலோரம் அவளுக்குக் கட்டில் போட்டேன்.

"அக்கா, நல்ல டாட் கிரிட் நோட்டா ஒண்ணு வாங்கியாயேன். புல்லட் ஜர்னல் போடப் போறேன். தெனம் எத்தினி அடி நடக்கிறேன்னு குறிச்சிகிட்டே வந்தா சீக்கிரம் எழுந்துடுவேன்."

அப்படித்தான் வாங்கினேன். அவள் அழகாக எழுதினாள். முடித்த வேலைக்குப் பெருக்கல் குறி, தள்ளிப்போட்டதற்கு அம்புக்குறி. வலி எவ்வளவு, தூக்கம் எவ்வளவு, நடந்த அடி எவ்வளவு என்று புள்ளிகளைக் கோடாக இணைத்து வரைபடம். ஜனவரி பன்னிரண்டாம் தேதி அந்தக் கோடு நாற்பது அடியைத் தொட்டது. சந்தோஷத்தில் அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலைக் கஞ்சியில் அரை தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். சாம்பல் நோட்டின் முதல் வரி அதுதான்.

அளவு, நேரம், அவள் எப்போது கண் விழித்தாள், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். கெடுதல் நினைப்பவர்கள் இவ்வளவு கவனமாக எழுதுவார்களா? மருந்தில் பழகினவள் நான். கை தவறக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நோட்டே.

நாற்பது அடி பத்தாயிற்று. பயிற்சி செய்ய மறுக்கிறாள் என்று டாக்டரிடம் போனில் சொன்னேன். திரையைப் பார்த்தால் தலை சுற்றும் என்று சொல்லி அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டினேன். பக்கத்து வீட்டு கரீமா நோன்புக் கஞ்சி கொண்டுவந்தபோது நான் வீட்டில் இருந்ததால் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று.

"இன்னா அமுதா, பொண்ணு இப்பிடிக் கெறங்கிக் கெடக்குது? வேற டாக்டர்கிட்ட காட்டேன்" என்றாள்.

காட்டுகிறேன் என்றேன்.

நல்ல தாளில் ஒரு சங்கடம் உண்டு, மேடம். எழுதியது பளிச்சென்று தெரியும். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூவிழி நீல நோட்டை என் மடியில் விரித்து வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம மட்டும் கோடு மேல போவுது பாருக்கா. முப்பது, முப்பத்தஞ்சு. மத்த நாளெல்லாம் அஞ்சு, ஆறு. ஞாயித்துக்கெழம மட்டும்தான் நீ கஞ்சி குடுக்கிறதில்ல."

ஞாயிறு நான் வீட்டில் இருப்பேன். அவள் தூங்க வேண்டிய அவசியமில்லை.

"கஞ்சில இன்னா போடுற?"

"நீ நல்லா ரெஸ்ட் எடுக்கணும்டி."

என் மடியிலிருந்து நோட்டை எடுத்து மூடினாள்.

"கதவத் தொறந்து உடுக்கா. நான் போவணும்."

"கால் சரியாவட்டும்" என்றேன்.

அதன் பிறகு அவள் கஞ்சியைத் தொடவில்லை. குடிக்கிற தண்ணீரில் கலந்தேன். தண்ணீர் குடிக்காமல் யாராலும் இருக்க முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். பூட்டைத் திறந்து உள்ளே போனால் கட்டில் காலி. பின்பக்க பால்கனிச் சுவர் மேல் அவள் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பால்கனிக்கும் கரீமா வீட்டு மொட்டை மாடிக்கும் நடுவே இரண்டரை அடி இடைவெளி. கீழே சிமெண்டு சந்து. நீல நோட்டை முதலில் அந்தப் பக்கம் தூக்கிப் போட்டிருந்தாள். கரீமா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"வாம்மா, கையப் புடி. கீழ பாக்காத."

நான் அதிர்ச்சியில் அலறியதால்தான் பூவிழி தடுமாறிச் சந்தில் விழுந்துவிட்டதாகக் கரீமா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நல்ல மனுஷி, அப்படித்தான் நினைப்பாள். நான் அலறவில்லை. அன்று காலை எவ்வளவு கலந்தேன் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவு உள்ளே போனவளால் ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்க முடியும், திரும்பினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன். சாப்பிடக் கூப்பிடுவது போல, மெதுவாக, "பூவு" என்றேன்.

இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கரீமாவின் கை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதைப் பிடிக்காமல் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே போக நினைத்தவள் எதற்காகத் திரும்ப வேண்டும்?