கூடு இருக்கும் இடம் சொல்வதில்லை

சின்னப் படகில் போகிறவர்கள் தொப்பிக்கு நாடா வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே தொப்பி கடலுக்குப் போய்விடும். என் தொப்பிக்கு நாடா தைத்துக் கொடுத்தது என் மனைவி சரோஜினி. வாசலில் உங்கள் ஆள் அதை வாங்கி வைத்துக்கொண்டார். பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை, இன்ஸ்பெக்டர் தர்ஷனா. இரண்டு நாளாக எனக்குள் பொங்குகிற குஷியை யாரிடமாவது கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும். பெயர் குலசிங்கம், வீடு பிடோக்கில். கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றதும் ஒரு சின்ன மோட்டார் படகும் ஒரு பெரிய லென்சும் வாங்கினேன். அன்றிலிருந்து என் முகத்தைச் சரோஜினியைவிடக் கடற்பறவைகள்தான் அதிகம் பார்க்கின்றன.

தங்கராஜு எங்கள் பறவைப் படக் குழுவில் என் நெருங்கிய நண்பர். தங்கமான மனிதர், கலகலப்பானவர். வாய்தான் நிற்காது. எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. படத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், கூடு இருக்கும் இடத்தை மட்டும் சொல்லக்கூடாது. போன வருடம் ஈசூனில் ஓர் ஆந்தைக் கூட்டைக் கண்ட இவர், கண்ட கையோடு வாட்ஸ்அப்பில் மேப்போடு போட்டுவிட்டார். மறுநாள் அந்த மரத்தடியில் கல்யாண வீட்டுக் கூட்டம். ஆளுக்கொரு ஃப்ளாஷ். தாய் ஆந்தை திரும்பி வரவே இல்லை. குஞ்சுகள் செத்துப் போயின. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

"இயற்கை எல்லாருக்கும் சொந்தம் லா, அண்ணே" என்றார் தங்கராஜு.

அப்படிப்பட்டவரை ஏன் கூட்டிப்போனீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இந்த வருடம் நான் ஒரு பாறையைக் கண்டுபிடித்தேன். தீவு என்றுகூடச் சொல்ல முடியாது, கடலுக்கு நடுவில் ஒரு மொட்டைக் கல். அதன் மேல் முழுக்க ஆலாப் பறவைகள். வெள்ளை உடம்பு, பிடரியில் கறுப்பாக ஒரு கோடு. வெறும் கல்லிலேயே முட்டை இடுகின்றன. இத்தனை பெரிய சந்தோஷத்தைத் தனியாகச் சுமப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? லிட்டில் இந்தியாவில் தே தாரிக் குடிக்கும்போது வாயைத் திறந்துவிட்டேன்.

"மூச்சு விடமாட்டேன், அண்ணே. சத்தியமா லா" என்றார்.

சனிக்கிழமை காலையில் இருவரும் கிளம்பினோம். கடல் தூங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கு மட்டம் போட்ட பையன்கள்போல வழியெல்லாம் பாட்டும் சிரிப்பும். வழியில் டால்பின்கள் வேறு. தங்கராஜு அவற்றுக்குக் கும்பிடு போட்டார். பாறைக்கு ஒரு பக்கமாகத்தான் ஏற முடியும். நான் படகில் இருந்துகொண்டு அவரை ஏற்றிவிட்டேன். முட்டைகளுக்கு நடுவே நுனிக்காலில் நடந்தார். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இறங்கி வந்து தன் போனை என்னிடம் நீட்டினார்.

"என்னையும் ஒரு படம் எடுங்கண்ணே."

அவர் திரும்ப மேலே ஏறுவதற்குள் போனைப் பார்த்தேன். குழுவுக்கு ஒரு செய்தி. பாறையின் இடம் மேப்போடு இருந்தது, அதன் கீழே "எல்லாரும் வாங்க". அங்கே சிக்னல் கிடையாது. செய்தி இன்னும் போகாமல் நின்றிருந்தது. கரையை நெருங்கினால் தானாகப் போய்விடும்.

அவர் கேட்ட படத்தை எடுத்தேன். அழகாக வந்தது. பிறகு போனைக் கடலில் போட்டேன்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்கண்ணே, பறவைங்களும் சேந்து வரட்டும்" என்றார். போனைப் போட்டதை அவர் கவனிக்கவில்லை. நான் இன்ஜினைப் போட்டு அவர் சொன்னபடியே பின்னால் போனேன். நிற்கவில்லை, அவ்வளவுதான். முதலில் கையாட்டினார், சிரித்தார். அப்புறம் கத்தினார். அந்தக் கத்தலில் ஆலாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. பின்னால் காலை வெயில். கேமராவைத் தூக்கினேன். என் ஆயுளில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. கண்ணீர் வந்துவிட்டது.

படகின் ஜிபிஎஸ்ஸில் பதிவை அழித்துவிட்டேன். எப்போதும் செய்வதுதான்.

திரும்பி வரும்போது கால் தரையில் படவில்லை. சிராங்கூன் சாலையில் சரோஜினிக்கு மல்லிகைப்பூ வாங்கினேன். எம்ஆர்டி ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு இடம் போனாள். அன்று மாலை தங்கராஜுவின் மனைவி கமலா போன் செய்து, அவர் எங்கே என்று கேட்டு அழுதபோதும் நான் சிரித்துக்கொண்டே இருந்தேனாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் சரோஜினி உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆகவே, ஆமாம். வேண்டுமென்றேதான் அவரை அங்கே விட்டுவிட்டு வந்தேன்.

எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இடத்தைச் சொன்னால் நீங்கள் ஹெலிகாப்டரில் போவீர்கள். அந்தக் காற்றில் முட்டைகள் உருண்டு கடலில் விழும். தங்கராஜுவுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. முட்டை இருக்கும் உயரத்துக்கு அலை ஏறாது, அதைப் பறவைகள் பார்த்துத்தான் இடம் பிடிக்கின்றன. அவர் பையில் இரண்டு பாட்டில் தண்ணீர் இருக்கிறது. மழையும் பெய்கிறது. குஞ்சு பொரித்து, இறக்கை முளைத்துப் பறந்து போகட்டும். ஒன்றரை மாதம் போதும். பிறகு நானே என் படகில் உங்களைக் கூட்டிப்போகிறேன்.

என்ன கேட்டீர்கள்?

"தண்ணி இருக்கு, சரி அங்கிள். சாப்பிட அவருக்கு அந்தப் பாறையில என்ன இருக்கு?"

அங்கே ஒன்றும் இல்லையே, அம்மா. ஒரு புல்கூட முளைக்காது. வெறும் கல். கல்லும்...

இரண்டு நாள் ஆகிவிட்டது, இல்லையா?

நான் இதை யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் யோசித்தவன் இதை விட்டுவிட்டேன். கடல் வரைபடம் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், விரல் வைத்துக் காட்டுகிறேன். இப்போதே கிளம்புங்கள். படகில் போங்கள், இன்ஜினைத் தூரத்திலேயே அணைத்துவிடுங்கள். மேலே ஏறியதும் முதலில் முட்டைகள் எத்தனை மிச்சம் என்று பாருங்கள். அவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.