சீஃப் கெஸ்டுக்குப் போன சால்வை

கீர்த்தி: முடிஞ்சப்புறம் வந்திருக்கலாம் இல்ல நைனா? நான் பேசிக்கினு இருக்கறச்ச நடுவுல எழுந்து மேடைக்கு வந்தா…

கோவர்த்தனன்: நடுவுல தானே சால்வை போடுவாங்க?

கீர்த்தி: யாரு போடுவாங்க?

கோவர்த்தனன்: நம்ம ஊரு கூத்துல இன்னா பண்றோம்? வேசக்காரரு நல்லா ஆடிக்கினு இருக்கறச்சயே மேடையேறி சால்வை போடுறோம். கட்டியக்காரன் நம்ம பேர உரக்கச் சொல்றான். அப்புறம் ஆட்டம் நடக்குது. முடிஞ்சு சாமானக் கட்டுறப்போ போட்டா அது மரியாதையா?

கீர்த்தி: இது கூத்து இல்ல நைனா. யூனிவர்சிடி. அறிவியலும் நாளைய சமூகமும்னு அவ்ளோ பெரிய பேனர்…

கோவர்த்தனன்: படிச்சேன். தெலுங்குல தானே போட்டுகீறாங்க.

கீர்த்தி: போன்ல லைவா காட்டுவாங்க, வூட்லயே பாருங்கன்னு சொன்னேன் இல்ல?

கோவர்த்தனன்: பெத்த பொண்ணு திருப்பதில மேடையேறிப் பேசுது. நகரியில குந்திக்கினு போன்ல பாக்கச் சொல்றியா?

கீர்த்தி: அதுக்காக… உன் தலை நிழலு அப்படியே ஸ்க்ரீன் மேல வுழுந்துச்சு. ஜீன் படம் பூரா மறைஞ்சு போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க.

கோவர்த்தனன்: அதுக்கா சிரிச்சாங்க?

கீர்த்தி: பின்ன?

கோவர்த்தனன்: நான் சந்தோசத்துல சிரிக்கிறாங்கன்னு… நானும் சேந்து சிரிச்சேனே.

கீர்த்தி: நீ சிரிச்சதையும் பாத்தேன்.

கோவர்த்தனன்: சரி வுடு. தெரியல.

கீர்த்தி: எதுக்கு திடீர்னு எழுந்தே? பின்னால தானே ஒக்காந்து இருந்தே?

கோவர்த்தனன்: நீ தான் எழுப்பிட்டே.

கீர்த்தி: நானா?

கோவர்த்தனன்: ஒடம்புக்குள்ள கீற ஜீன்ல ஒசத்தி தாழ்த்தியே இல்ல, நாளைக்கு வர்ற ஜனம் பொறப்ப வெச்சு யாரையும் எடை போடாதுன்னு தெலுங்குல சொன்னே பாரு… எங்க நைனா காலத்துல ஊருப் பெரிய சாதிக்காரங்க வூட்டு வாசல்ல செருப்பக் கையில எடுத்துக்கினு நடந்த வம்சம். எனக்குத் தாங்கல. எழுந்துட்டேன்.

கீர்த்தி: அய்யோ, போதும் நைனா…

கோவர்த்தனன்: ஆனா அந்த சால்வைய நீ வாங்கி, பெங்களூருல இருந்து வந்த அந்தப் பெரியவருக்குப் போட்டுட்டியே?

கீர்த்தி: அது… மேடை மரியாதை. சீஃப் கெஸ்ட் இருக்கறச்ச நான் போட்டுக்கினா நல்லாருக்காது.

கோவர்த்தனன்: அதுவும் சரி தான். மைக்ல இங்கிலீஷ்ல என்னமோ சொன்னியே? கை தட்டினாங்க.

கீர்த்தி: எங்க நைனான்னு சொன்னேன்.

கோவர்த்தனன்: ஓ…

கீர்த்தி: இன்னா ஓ?

கோவர்த்தனன்: ஒண்ணுமில்ல. ஷேர் ஆட்டோ வருதா பாரு. பஸ் ஸ்டாண்டுக்குப் போவணும்.

கீர்த்தி: உன் போன் அடிக்குது.

கோவர்த்தனன்: உங்கம்மா தான். ஸ்பீக்கர்ல போடு. இந்த சத்தத்துல எனக்குக் கேக்காது.

கீர்த்தி: இப்ப வேணாம் நைனா…

தாட்சாயணி (போனில்): கீர்த்தி நைனா! கீர்த்தி நைனா! இன்னா ஆச்சு? போட்டீங்களா?

கோவர்த்தனன்: போட்டேன், போட்டேன்.

தாட்சாயணி: மைக்ல சொன்னாங்களா?

கோவர்த்தனன்: பாப்பாவே சொல்லிச்சு. எங்க நைனான்னு. ஹாலே கை தட்டிச்சு.

தாட்சாயணி: அய்யோ சாமி! இந்தக் கால் வீக்கம் இன்னிக்குன்னு பார்த்து… கீர்த்தி, கேக்குதா? சால்வையோட போட்டோ அனுப்புடி. புத்தூர்ல கடை கடையா ஏறி எறங்கினேன். மஞ்சக் கரை தான் உன் நெறத்துக்கு எடுக்கும்னு.

கீர்த்தி: ம்… அனுப்பறேம்மா.

தாட்சாயணி: இன்னாடி, அழுதுகினு கீறியா?

கீர்த்தி: இல்லம்மா. பேசிப் பேசி தொண்ட கட்டிக்கிச்சு.

தாட்சாயணி: வெந்நீர் குடி. நைனா இன்னா துன்னாரு?

கோவர்த்தனன்: துன்னாச்சு, துன்னாச்சு. வெச்சிடு, ஆட்டோ வந்துச்சு.

கீர்த்தி: ஆட்டோ எங்க வந்துச்சு?

கோவர்த்தனன்: வரும்.

கீர்த்தி: உள்ள டிபன் குடுத்தாங்களே. நீ துன்னலியா?

கோவர்த்தனன்: பேசினவங்களோட அப்பா அம்மாவெல்லாம் வாங்கன்னு கூப்ட்டாங்க. எனக்குப் பசிக்கல.

கீர்த்தி: நைனா…

கோவர்த்தனன்: அந்த போட்டோவுக்கு ஒண்ணு பண்ணலாம். பஸ் ஸ்டாண்டாண்ட கடையில அதே மாதிரி மஞ்சக் கரை கெடைக்கும். தோள்ல போட்டு ஒண்ணு எடுத்துட்டா…

கீர்த்தி: நைனா, நான் எங்க நைனான்னு சொல்லல.

கோவர்த்தனன்: ஆட்டோ வருதா பாரு.

கீர்த்தி: நான் ஆராய்ச்சி பண்ற ஊர்ல இருந்து ஒரு விவசாயி, சீஃப் கெஸ்ட கௌரவிக்க வந்துகீறாருன்னு சொன்னேன். உனக்குப் புரியக் கூடாதுன்னு தான் இங்கிலீஷ்ல சொன்னேன்.

கோவர்த்தனன்: வுடு பாப்பா.

கீர்த்தி: ப்ரொஃபசருங்க, கூடப் படிக்கறவங்க எல்லாரும் முன்னால ஒக்காந்துக்கினு சிரிச்சாங்க. எனக்கு மூஞ்சி எரிஞ்சு போச்சு. வாயில அப்படி வந்துடிச்சு. பொறப்புல தாழ்த்தி இல்லன்னு பேசின அதே வாயி நைனா… கூசுது எனக்கு. திட்டு. ரெண்டு அடி வேணா அடி. இப்படி சும்மா நிக்காத.

கோவர்த்தனன்: எந்த மூஞ்சிய வெச்சிக்கினு திட்டறது? ஃபார்மர்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? நீ சொன்னது அப்பவே புரிஞ்சுது. கூட்டம் முடிஞ்சதும் அந்தப் பெரியவரு சால்வைய மடிச்சு எடுத்துக்கினு பின் வரிசைக்கே தேடி வந்தாரு. 'இது உங்க பொண்ணுக்குக் கொண்டாந்தது தானே, ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி'ன்னு தெலுங்குல சொல்லி எங்கிட்ட நீட்டினாரு. எனக்குப் பொண்ணே இல்ல சார்னு சொல்லிட்டேன் பாப்பா… உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத.