பதினேழாம் நம்பர் புதர்

— கம்பியை இழுத்துப் பிடிங்கண்ணே. டிரைவர் வேலையில வேலி போடுறது வராதுன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?

— முகமெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு மேடம். இந்தப் புதருக்கு எதுக்கு வேலின்னுதான் கேக்குறேன். கைதியா இது?

— நாளைக்குத் தலைமை ஆபீஸ்ல இருந்து நிபுணர் வர்றாரு. இதைப் பாக்கத்தான் வர்றாரு. மந்திரி வீட்டு வாசல்ல போலீஸ் நிக்கல? அது மாதிரி.

— அதுசரி. சுத்தி இத்தனை புதர் இருக்கு, இதுக்கு மட்டும் வந்த வாழ்வு...

— நாற்பது இருக்கு. நாலு வருஷமா நான்தான் அளந்து எழுதுறேன். முப்பத்தொன்பது மழை இல்லாம எலும்பும் தோலுமா நிக்குது. இந்தப் பதினேழாம் நம்பர் மட்டும் ஆளுயரம். இலையைப் பாருங்க, என்னமா மினுமினுக்குது!

— அது... அது வாங்கி வந்த வரம்.

— அந்த வரத்தைத்தான் அறுபது பக்கம் எழுதி அனுப்பியிருக்கேன். இதுக்கு அடியில இருக்கற மண்ணுல மத்த புதரைவிட நாலு மடங்கு உரச்சத்து.

— நாலு மடங்கா! ...அவ்வளவுமா?

— நீங்க ஏன் வாயைப் பொளக்கிறீங்க? இதோட வேர்ல ஒரு புது பாக்டீரியா குடியிருக்கு, காத்துல இருக்கற சத்தைப் பிடிச்சு மண்ணுக்குக் கொடுக்குதுன்னு எழுதியிருக்கேன். பாலைவனத்தையே பச்சையாக்கிடலாம்னு டைரக்டர் தலைகால் புரியாம ஆடுறாரு.

— அந்த பாக்டீரியாவை நீங்க பாத்தீங்களா?

— இன்னும் இல்ல.

— பாக்காமலே அறுபது பக்கம். பாத்திருந்தா அறுநூறு ஆகியிருக்கும்.

— கிண்டலா? இந்த மாசத்தோட என் ஒப்பந்தம் முடியுதுண்ணே. நாளைக்கு வர்ற மனுஷன் சரின்னு தலையாட்டினா எனக்கு நிரந்தர வேலை. இல்லேன்னா மூட்டையைக் கட்டணும். உங்க ஜீப்பும் ஷெட்டுக்குப் போயிடும்.

— வர்றவரு என்ன செய்வாரு? சும்மா பாத்துட்டு, ஒரு டீயைக் குடிச்சுட்டுப் போயிடுவாருல்ல?

— மண்ணைத் தோண்டி எடுத்துக்கிட்டுப் போவாரு. புதுசா ஒரு மிஷின் வந்திருக்காம். உரம் காத்துல இருந்து வந்ததா, ஏதாவது மிருகம் விட்டுட்டுப் போனதான்னு புட்டுப் புட்டு வச்சிடுமாம்.

— ...எந்த மிருகம்னும் சொல்லுமா?

— ஐயையோ, கம்பியை விட்டுட்டீங்களே! கையைக் கிழிக்கப் பாத்துச்சு!

— வழுக்கிடுச்சு மேடம்... நான் ஒண்ணு சொல்றேன். எதுக்கு வம்பு? அவருக்குப் பன்னெண்டாம் நம்பர் புதரைக் காட்டிடலாமே. அதுவும் லட்சணமாத்தானே...

— அது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு.

— அப்படியா? ரொம்ப அடக்கமான புதர்னு நினைச்சேன்.

— என்னண்ணே ஆச்சு உங்களுக்கு? இப்படி வேர்த்து ஊத்துது?

— பாலைவனத்துல வேர்க்காம குளிரவா செய்யும்?

— நாலு வருஷத்துல நீங்க இப்படி வேர்த்து நான் பாத்ததில்ல. என்னத்தையோ மறைக்கிறீங்க. சொல்லுங்க.

— திட்டக் கூடாது.

— கண்டிப்பா திட்டுவேன். சொல்லுங்க.

— நீங்க காலையில டேப்பும் நோட்டுமா அந்தக் கோடிக்குப் போயிடுறீங்க. சாயங்காலம் வரைக்கும் நான் ஜீப்ல காவல். மனுஷன் தண்ணி குடிக்கிறான்... அப்புறம்... கண்ணுக்கெட்டின தூரம் ஒரு மரம் உண்டா, சுவர் உண்டா? ரோட்டுல லாரி போகுது. மத்த புதரெல்லாம் முழங்காலுக்கு வருது. ஒரு மறைவு வேணாமா?

— அண்ணே...

— அப்ப இது ஒண்ணுதான் இடுப்பளவு இருந்துச்சு. போகப் போக அதுவா வளர்ந்து, இன்னும் கொஞ்சம் வசதி பண்ணிக் கொடுத்துச்சு...

— அண்ணே, போதும்!

— மேடம்... நீங்க தேடுற பாக்டீரியா... நான்தான்.

— ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

— இதையெல்லாமா எண்ணுவாங்க?

— செத்த புதருக்கே நோட்டுப் போட்டவ நான். சொல்லுங்க.

— மூணு... வெயில் ஏறினா நாலு. டீ குடிச்ச அன்னைக்கு மேல ஒண்ணு.

— நாலு வருஷம்... இருங்க, இருங்க... அடக் கடவுளே. உதைச்சுக்கிட்டே இருந்த கணக்கு இப்பத்தான் சரியா வருது.

— என்ன மேடம், அப்படியே மணல்ல உட்கார்ந்துட்டீங்க? என்னை வேணா நாலு அறை அறைங்க. நாளைக்கு நானே அவரு கால்ல விழறேன். மேடத்துக்கு ஒண்ணும் தெரியாது, அத்தனையும் என் ஒருத்தன் வேலைதான்னு சொல்லிடறேன். உங்க வேலை போகக் கூடாது.

— உங்க ஒருத்தர் வேலைன்னு சொன்னா அந்த மிஷின் ஒத்துக்காதுண்ணே.

— ஏன், அதுக்கு என்ன தெரியும்?

— மத்தியானம் நீங்க முகத்துல துண்டைப் போட்டுக்கிட்டு ஜீப்ல குறட்டை விடுவீங்கல்ல... எனக்கு மட்டும் இங்க தனியா பாத்ரூமா கட்டி வச்சிருக்காங்க? என் பங்கைக் கழிச்சுட்டு, மிச்சம் எங்க இருந்து வருதுன்னு புரியாமத்தான் பாக்டீரியான்னு எழுதினேன்!