மதிப்பெண் குறைந்தவளின் இரண்டாவது விண்ணப்பம்

நடந்த அத்தனையையும், நடக்கும் முன்பே சொன்னவன் நான். இந்த ஒரு வரியை முதலில் பதிவு செய்துவிட்டு, அப்புறம் வணக்கத்துக்கு வருகிறேன்.

நாற்காலியை மட்டுமல்ல, எங்கள் நெஞ்சங்களையும் நிறைத்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! இந்தப் படிப்பகத்தைப் பூட்டுப் போடவிடாமல் காத்துவரும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அறிவை ஏற்ற வந்திருக்கும் தாய்மார்களே! அடுத்த ஆண்டு விண்ணப்பம் போடவிருக்கும் பிள்ளைகளே! எட்டாம் வகுப்பை இரண்டு முறை ஆழ்ந்து படித்த ஒலிபெருக்கிக் கடைக்காரனின் உளமார்ந்த வணக்கம். ஐந்து நிமிடம்தான் என்கிறார் தலைவர். மைக் என்னுடையது, பெட்டி என்னுடையது, ஒயரும் என்னுடையது. நேரம் மட்டும் அவருடையதா?

என் தங்கை மகளுக்கு மேலாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்த கதையைச் சொல்லச் சொன்னீர்கள். பட்டப்படிப்பில் அவள் வாங்கியது ஐம்பத்து நான்கு விழுக்காடு. நுழைவுத் தேர்விலோ பாதிக் கிணறு தாண்டியவள். வேலை, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். கொதிக்கும் ஆவிக்கும் கனக்கும் ஈரப் போர்வைக்கும் நடுவில் நின்று அவள் ஏங்கியது எதற்கு? பொன்னுக்கா, பட்டுக்கா? ஒரு வகுப்பறை நாற்காலிக்கு! அந்தக் கல்லூரியின் கையேட்டைச் சாப்பாட்டு டப்பாவோடு தினமும் கொண்டுபோவாள். ஆவியில் அதன் ஓரமெல்லாம் சுருண்டது. அவள் ஆசை சுருளவில்லை.

முதல் விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். அங்கே ஒருவர் இரண்டு முறைதான் விண்ணப்பிக்கலாம். மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு. மூன்று நாள் அந்தக் கையேட்டை வீட்டிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அப்போது எழுந்தேன் நான், சிங்கம்போல் எழுந்தேன். "இன்னொரு தடவ போடும்மா, மாமா இருக்கேன்" என்றேன். அந்தச் சொல்தான் அவளைத் தூக்கி நிறுத்தியது!

மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் இருந்தால் எழுதலாம் என்று படிவத்தில் ஒரு கட்டம். பரீட்சை நேரத்தில் தாய்மாமன் இறந்துவிட்டதாக எழுதச் சொன்னேன். சிரிக்காதீர்கள் அம்மா; ஒரு பெண்ணின் படிப்புக்காக உயிரையே விட்டவன் நான், காகிதத்தில். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க செத்திருந்தா வீடு அமைதியா இருந்திருக்கும் மாமா. மார்க்கு கூடத்தான் வந்திருக்கும்." வீட்டில் நான் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அலறவிட்டுச் சோதித்துப் பார்ப்பதைச் சொல்கிறாள்.

அவள் எழுதியது மூன்றே வரி. பகலில் வேலை, மாலையில் கல்லூரி. புள்ளியியல் புரியவில்லை, கேட்கக் கூச்சப்பட்டேன். இப்போது அதே பாடத்தை மறுபடி படித்துத் தேறியிருக்கிறேன், சான்றிதழ் இணைப்பில். அழுகை இல்லை, அலங்காரம் இல்லை. நுழைவுத் தேர்வையும் மீண்டும் எழுதினாள். ஏறியது கொஞ்சம்தான்.

பரிந்துரைக் கடிதத்துக்கு நான் ஓர் ஆலை முதலாளியைப் பிடித்து வைத்திருந்தேன். அவர் இவளைப் பார்த்ததே இல்லை, ஆகவே தாராளமாகப் புகழ்வார். இவளோ சலவைக்கூட மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய் நின்றாள். அந்த அம்மா எழுதியது எனக்கு மனப்பாடம். அறுவை அரங்கத் துணிகள் நான்கு மணி நேரம் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தன. இந்தப் பெண் ஒரு வாரம் துணிவண்டியோடு கூடவே நடந்தாள். தாமதம் இயந்திரத்தில் இல்லை, துணி பிரிக்கும் மேசையில் என்று கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு நிறப் பை வைத்தாள். இப்போது தாமதம் அரைமணி நேரம். இவள் போனால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி, ஆனாலும் அனுப்புகிறேன். பெரியோர்களே, பிரிய மனமில்லாதவர் எழுதும் கடிதத்தைவிடப் பெரிய பரிந்துரை உண்டா?

நேர்காணலில் மதிப்பெண்ணைச் சுட்டிக் கேட்டார்களாம். "கம்மிதான் சார். மாத்த முடிஞ்சத மாத்திட்டேன். மிச்சத்த மறைக்கல" என்றாளாம்.

இடம் கிடைத்தது! போய்விட்டாள். இரண்டு மாதம் ஆகிறது. வாசலில் அவளுடைய ரப்பர் காலணி கிடக்கிறது. எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை. மாலைதோறும் தன் அம்மாவிடம் போனில் பேசுகிறாள். மாமா சாப்பிட்டாரா என்று தவறாமல் விசாரிக்கிறாள். போனை மாமாவிடம் கொடு என்று இதுவரை சொன்னதில்லை. நானும் பக்கத்து அறையில் ஒயரைச் சுருட்டியபடியே காத்திருக்கிறேன்.

ஏன் என்கிறீர்களா? தலைவர் அவர்களே, கொஞ்சம் பொறுங்கள், முடித்துவிடுகிறேன். சிங்கம்போல் எழுந்தேன் என்றேனே, அது பொய். நான் எழவே இல்லை. தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "நமக்கெதுக்கும்மா பெரிய படிப்பு, விட்டுடு" என்றேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். யாரும் சொல்லாமல், தானே மறுபடி விண்ணப்பித்தாள்.

மதிப்பெண் குறைந்த பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கும். நான் சொல்லாத அந்தச் சொல்லை, இன்று வீட்டுக்குப் போனதும் நீங்கள் சொல்லிவிடுங்கள். பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.