லாட்வியா எல்லைக்கு என் மகள்

"விழுந்து படுங்கோ!"

கணவர் கத்துகிறார். தூரத்தில் 'டும்'. பிறகு விசில். பதுங்குகுழிக்குள் விழுகிறோம். மாத்தளன் கடற்கரை மணல். சுற்றிவர என் சேலைகளை வெட்டித் தைத்த மண்மூட்டைகள். 2009 ஏப்ரல், போரின் கடைசி வாரங்கள். காலை. ஷெல் பக்கத்துக் குழியருகே விழுகிறது. நிலம் எகிறி அடங்குகிறது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சத்தம் ஓய்ந்ததும் ஒவ்வொரு குழியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். பதில் வராத குழிக்கு ஓடுவோம். அன்று பக்கத்துக் குழியிலிருந்து பதில் வரவில்லை. கணவர் ஓடினார். மகன் பின்னால் ஓடினான். இரண்டாவது ஷெல்லுக்கு 'டும்' கேட்கவில்லை. விசிலும் கேட்கவில்லை.

மகள் துளசி என் மடியில் இருந்தாள். ஆறு வயது.

இப்போது அவள் கனடா இராணுவத்தில். மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் சமையலறை. வெளியே பனி அள்ளும் வண்டி உறுமுகிறது. அடுத்த மாதம் லாட்வியா போகிறாள். சின்ன நாடு. பக்கத்தில் ரஷ்யா. முன்பு மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணிக்காகத் தன் படையினரை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பிய நாடு. இன்று கூட்டணியின் படைகள் அதன் மண்ணில் நிற்கின்றன. தலைமை கனடாவுக்கு. லாட்வியா தன் எல்லையில் அகழி வெட்டுகிறது. இளைஞர்களை மறுபடி கட்டாயப் பயிற்சிக்கு அழைக்கிறது.

"போகாதை பிள்ளை. அவையின்ர எல்லையை அவை பாக்கட்டும்."

"சண்டை பிடிக்க இல்லையம்மா. சண்டை வராமல் நிக்கப் போறம். ஒராளுக்கு அடிச்சால் எல்லாருக்கும் அடிச்ச மாதிரி. அதுதான் ஒப்பந்தம்."

"எங்களுக்கு ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லை. அதுக்குத்தானே போறன்."

மாத்தளனுக்கு முந்தைய ஆண்டு கிளிநொச்சியை விட்டு வெளிநாட்டு உதவிப் பணியாளரின் வெள்ளை வண்டிகள் புறப்பட்டபோது அவர்களின் அலுவலக வாசலில் குந்தியிருந்து மறித்தோம். போகாதீர்கள் என்றோம். போனார்கள். பிறகு நடந்ததைப் பார்க்க வெளியாள் ஒருவரும் இல்லை.

"குளிருக்கு உடுப்பு இருக்கோ?"

"மொன்றியலில வளந்தவளிட்டக் கேக்கிற கேள்வியே இது?" சிரித்தாள்.

கையைப் பிடித்தேன். "முதல் ஷெல் ஓய்ஞ்ச உடன எழும்பாதை. ஆர் கூப்பிட்டாலும் ஓடாதை."

"கூப்பிடுறது என்னோட நிக்கிறவை எண்டால்?"

அவள் அப்பாவுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

எழுதி வைக்கிறேன். எங்கள் குழியில் நால்வர் இருந்தோம். இறந்தவர்கள்: கணவர் சிவநேசன், நாற்பத்தொரு வயது. மகன் கபிலன், பன்னிரண்டு. பக்கத்துக் குழியில் ஐந்து பேர். அவர்களில் ஒரு கைக்குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எவரையும் எரிக்க முடியவில்லை. மணலில் மூடினோம். எங்களில் மிஞ்சியவர்கள் இருவர். அடுத்த மாதம் இந்த வீட்டில் ஒருத்தி.